பார்சலா?

எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் 'உயர்தர சைவ உணவகம்' என்ற போர்டோடு ஒரு ஓட்டல் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அதைப் பற்றி ஊருக்குள் அபிப்பிராயம் பலவிதம். சாம்பார் பிரமாதம், காபிதான் கழனித்தண்ணி என்கிறார் ஒருத்தர். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் உட்கார்ந்தால் ஒரு நெய்ரோஸ்ட் வர அரைமணி நேரம் ஆகிறது, சப்ளையர் பையனைக் கூப்பிட்டால் காது கேட்காதவன் மாதிரிப் போகிறான் என்கிறார் இன்னொருத்தர். கைகழுவுற இடம் கண்ணாடியாட்டம் இருக்கு, அந்தச் சுத்தத்துக்காகவே போகலாம் என்று ஒரு ரிடையர்டு தலைமையாசிரியர். முதல் ஆறு மாசம் இருந்த ருசி இப்ப இல்லை, மாஸ்டர் மாறிட்டான் என்று பாங்கில் எனக்குப் பக்கத்து கவுண்டர் நண்பர். பொங்கலில் முந்திரி குறைந்துபோனது பற்றி ஒருநாள் மத்தியான இடைவேளை முழுக்க எங்க ஆபீசில் விவாதம் நடந்தது. பட்ஜெட்டைப் பற்றிக்கூட அவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டார்கள்.

இந்த அபிப்பிராயங்களோடு எனக்கு வழக்கு ஒன்றும் கிடையாது. சாம்பார் நல்லாத்தான் இருக்கு. காபி மோசம்தான். என் கேள்வி வேற. ரயில்வே கேட்டைத் தாண்டி எங்க காலனி இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிஷ நடை. அங்கே போய் அதே ஓட்டலைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். நாலைந்து வீட்டில் கேட்டேன். "பொட்டலம் கெட்டியா கட்டறான், ஒழுவறதில்ல." "சட்னிய கம்மியா வெக்கிறான்." "பார்சலுக்குன்னு பத்து ரூபா கூட வாங்கறான்." இவ்வளவுதான். அத்தனையும் பொட்டலத்தைப் பற்றிய அபிப்பிராயம். சப்ளையர் லேட் என்று எங்க காலனியில் ஒருத்தரும் குறை சொல்லவில்லை. சப்ளையரை அவர்கள் பார்த்ததே இல்லை. காபி ஆறிப்போச்சு என்றும் யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுவருகிற காபி ஆறித்தான் இருக்கும், அதில் சொல்ல என்ன இருக்கிறது?

ஆக ஒரு ஓட்டலைப் பற்றி 'நல்லதும் இருக்கு கெட்டதும் இருக்கு' என்று கலவையாகப் பேசுவதற்கே ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். வடை ஊசிப்போயிருந்தால் "தம்பி, இத மாத்திக் குடு" என்று சொல்கிற குரல் வேண்டும். அந்தக் குரல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் தொண்டையிலிருந்துதான் வரும். கல்லாவுக்குப் பக்கத்தில், வருகிறவர் போகிறவர் இடிக்க, கையில் டோக்கனோடு நிற்கிறவள் தொண்டையிலிருந்து வராது.

அந்த ஓட்டல் வாசலில் 'இன்னாருக்கு இடமில்லை' என்று போர்டு இல்லை. ஒருத்தரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவும் இல்லை. அங்கே நடப்பது ஒரே ஒரு சொல்லில் நடக்கிறது. ஊர்த் தெருக்காரர் படியேறினால் "வாங்க, உக்காருங்க." எங்க ஆள் படியேறினால் "பார்சலா?" கேள்விக்குறி போட்டிருக்கிறேனே தவிர, அது கேள்வி கிடையாது. பதிலை அவனே முடிவு பண்ணிக்கொண்டுதான் கேட்கிறான். கேட்கும்போதே கை டோக்கன் கட்டையைத் தொட்டுவிடுகிறது.

இந்தப் 'பார்சலா'வுக்கு ஒரு வம்சாவளி உண்டு. எங்க தாத்தா டீ குடித்தது கொட்டாங்குச்சியில். எங்க அப்பாவுக்கு டீக்கடை ஓலைச்சரிவில் ஆணியடித்து மாட்டின அலுமினிய டம்ளர். எடுக்கறதும் அவரே, குடிச்சிட்டுக் கழுவி மாட்டறதும் அவரே, காசை மட்டும் பலகையில் வைக்கணும். ரெட்டை டம்ளர் என்று நம்ம இயக்கங்கள் எழுதிப் பேசி மறியல் பண்ணினபோது கடைக்காரன் கண்டுபிடித்த வழி பிளாஸ்டிக் கப். ஊரானுக்குக் கண்ணாடி டம்ளர், நமக்குக் குடிச்சிட்டுக் கசக்கிப் போடுகிற கப். கேட்டால் சுகாதாரம் என்றான். 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கப்புக்குத் தடை வந்தது. சுற்றுச்சூழலுக்கு நல்லது. ரெட்டை டம்ளருக்கு அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை, வேற கப் வந்துவிட்டது. இந்த வரிசையில் கடைசியாக வந்திருப்பது பார்சல். இதில் பாத்திரமே இல்லை. எச்சில் இல்லை, கழுவுகிற வேலை இல்லை, மேசை இல்லை. நீ தின்பது என் கண்ணிலேயே படாது. கொட்டாங்குச்சி கொடுத்தவனாவது எங்க தாத்தா குடித்து முடிக்கும்வரை அவரைக் கடைவாசலில் வைத்துக்கொண்டான்.

(அரசாங்கத்துக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் 5 சதவீதம் ஜி.எஸ்.டி., பார்சல் வாங்கினாலும் அதே 5 சதவீதம். சாயங்காலம் ஓட்டல் கல்லாப்பணம் எங்க பாங்குக்கு வரும்போது நான்தான் எண்ணி வாங்குகிறேன். எது கேட்டுக்கு அந்தப்பக்கத்து நோட்டு, எது இந்தப்பக்கத்து நோட்டு என்று மெஷினும் பிரிப்பதில்லை, ஓட்டல்காரரும் பிரித்துக் கட்டிக்கொண்டு வருவதில்லை.)

போன தை மாசம் எங்க அத்தையைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பும்போது அந்த ஓட்டலுக்குப் போனோம். அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது. நகராட்சியில் ஒப்பந்தக் கூலிக்குத் தெருக்கூட்டுகிற வேலை. காலையில் வேலையை முடித்துவிட்டு அதே சேலையோடு வந்திருந்தது. "இன்னாத்துக்குடா கண்ணு, பொட்டலம் கட்டிக்கினு வூட்டுக்குப் போயிடலாம்" என்றது. "இல்லத்தே, உக்காந்தே சாப்பிடலாம்" என்றேன். நான் பாங்குக்குப் போகிற சட்டையில் முன்னால் போனேன். வாசல் சப்ளையர் என்னைப் பார்த்து "வாங்க சார்" என்றான். பின்னால் படியேறுகிற அத்தையைப் பார்த்தான். அந்த 'சார்' காற்றில் இருக்கும்போதே "பார்சலா?" வந்துவிட்டது. ஒரே மூச்சில் இரண்டு மரியாதை.

"ரெண்டு பேரும் உக்காரத்தான் வந்தோம்" என்றேன். கைகழுவுற இடத்தை ஒட்டிய மேசையைக் காட்டினான். ஃபேனுக்குக் கீழே நாலு மேசை காலி. நான் ஃபேனுக்குக் கீழே போய் உட்கார்ந்தேன், அத்தையையும் உட்கார வைத்தேன். கல்லாவில் இருந்தவர் ஒரு தடவை பார்த்தார், அப்புறம் கணக்கு நோட்டைப் பார்த்தார். இட்லி வந்தது. சாம்பார் வாளி எங்களைத் தாண்டி அடுத்த மேசைக்கு மூணு தடவை போனது. நாலாவது தடவை நான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி உரக்க "சாம்பார்" என்றேன். வந்தது.

அத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னது: "இன்னாபா இது, சாம்பாருல வெல்லத்தப் போட்டுகீறான். இத்தப் போயா ஊரே பெருசா பேசிக்கினு கீது?" எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காபி வந்ததும் தொட்டுப் பார்த்து, "தம்பி, சூடு இல்ல, வேற கொண்டா" என்றது. பையன் ஒரு நொடி நின்றான். எடுத்துக்கொண்டு போனான். ஆவி பறக்க வேறு காபி வந்தது. இத்தனை வயசில் ஒரு ஓட்டலில் ஒரு பண்டத்தைத் திருப்பி அனுப்பினது அதுதான் முதல் தடவையாம், போகும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தது. அந்த ஓட்டலைப் பற்றி எங்க ஊரில் நான் கேட்டவற்றிலேயே சரியான விமர்சனம் அந்த வெல்லம்தான். அதைச் சொல்ல அதுக்கு அறுபது வருஷம் ஆகியிருக்கிறது.

இதை ஆபீசில் சொன்னபோது நண்பர்கள் உடனே பதில் வைத்திருந்தார்கள். "சாதியெல்லாம் யார் சார் பாக்கறா, டிரஸ்ஸைப் பாக்கறான். காசு இருக்கான்னு பாக்கறான். இது வர்க்கப் பிரச்சினை." முற்போக்கானவர்கள், பழைய சங்கத் தோழர்கள்கூட இப்படித்தான் சொன்னார்கள். நான் அந்த ஓட்டலில் உட்கார்ந்து கவனித்ததைச் சொல்கிறேன். ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து, காலில் சேறு காயாமல், தூக்கிக் கட்டின லுங்கியோடு ஒருத்தர் வந்தார். தோளில் கிடந்த துண்டு எங்க அத்தை சேலையைவிட அழுக்கு. கல்லாவில் இருந்தவர் எழுந்திருக்காத குறையாக "வாங்க மாமா" என்றார். ஃபேனுக்குக் கீழே மேசை. அந்த மாமா கையில் எத்தனை ரூபாய் இருந்தது என்று கல்லாக்காரருக்கு எப்படித் தெரியும்? அவர் எந்தத் தெரு என்று தெரியும். அழுக்கு இரண்டு பேர் மேலும் இருந்தது. ஒன்று உழவன் அழுக்கு என்று மரியாதையாகிவிடுகிறது, இன்னொன்று வாசலில் நிறுத்திவிடுகிறது. டிரஸ் பார்க்கிறான் என்பது உண்மை. டிரஸ்ஸுக்குள் இருக்கிற தெருவைப் பார்க்க முடியாதபோதுதான் டிரஸ்ஸைப் பார்க்கிறான்.

அந்த ஓட்டல் சப்ளையர்களில் இரண்டு பேர் ஒடிசாப் பையன்கள். அவர்களைப் பற்றி எங்க தெரு இளைஞன் ஒருத்தன் சொன்னது எனக்கு மனசில் தங்கிவிட்டது. "புதுசா வந்தப்ப அவன் எல்லாரையும் ஒரே மாதிரிதான் கூப்ட்டாண்ணே. எங்கள ஜன்னலாண்ட உக்கார வெச்சான். ரெண்டு வாரம்தான்." அந்தப் பையனுக்கு ரயில்வே கேட் தெரியாது, ஊர் தெரியாது, காலனி தெரியாது. பைக்கில் ஒட்டியிருக்கிற நீல ஸ்டிக்கருக்கு அர்த்தம் தெரியாது. யாரும் அவனை உட்காரவைத்து வகுப்பெடுத்திருக்க மாட்டார்கள். கல்லாவிலிருந்து ஒரு கண்ஜாடை, ஒரு தடவை முகச்சுளிப்பு, 'அந்த மேசைக்குப் போ' என்று ஒரு விரல். இரண்டே வாரத்தில் பாடம் முடிந்துவிட்டது. தமிழில் அவன் முதலில் கற்றுக்கொண்ட சொற்களில் ஒன்று 'பார்சலா' என்று நினைக்கிறேன், அது தமிழும் இல்லை. அந்தப் பையனை நான் குற்றவாளியாக்கவில்லை. அடுப்படிக்கு மேலே, அனல் ஏறுகிற ஒரு ரூமில் எட்டுப் பேரோடு படுத்துக்கொள்கிறான். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்று அவன்மேல் புகார் சொல்கிறவர்கள், காலை ஐந்து மணியிலிருந்து ராத்திரி பதினொன்று வரைக்கும் அவன் நின்றுகொண்டே இருப்பதைக் 'கவனிப்பு' என்கிற கணக்கில் சேர்ப்பதில்லை.

சுத்தம் என்றார் தலைமையாசிரியர். அந்தச் சுத்தத்துக்கும் ஆள் இருக்கிறது. அந்த ஓட்டலின் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற இரண்டு பெண்களும் எங்க காலனிக்காரர்கள். சந்து வழியாக வந்து சந்து வழியாகவே போகிறார்கள். அவர்கள் கழுவி அடுக்கின தட்டில்தான் அவர் நெய்ரோஸ்ட் சாப்பிடுகிறார், அவர்கள் தேய்த்த டவராவில்தான் காபி குடிக்கிறார், குடித்துவிட்டு ரொம்ப சுத்தம் என்கிறார். அவர்கள் கை பட்ட தட்டு தீட்டில்லை. அதே கை அதே தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட வந்தால்தான் எல்லாம் குழம்பிப்போகிறது.

போர்டுக்கு வருகிறேன். 'உயர்தர' என்கிறான். தாழ்தர சைவ உணவகம் என்று எங்காவது பார்த்திருக்கிறோமா? உயர்தரம் என்பது அரிசியைப் பற்றியா, ஆளைப் பற்றியா? ஒருகாலத்தில் இந்தச் சுற்றி வளைப்பெல்லாம் கிடையாது, 'பிராமணாள்' என்று நேராகவே எழுதி வைத்தார்கள். ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்கு ஒரு பக்கம், மற்றவருக்கு ஒரு பக்கம் என்று இருந்தது 1941-ல்தான் ஒழிந்தது, பெரியாரும் அவரது இயக்கமும் விடாமல் கேட்ட பிறகு. 1957 மே மாதம் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில் 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்கச் சொல்லி திராவிடர் கழகத்தார் மறியல் தொடங்கினார்கள். நாள்தோறும் போனார்கள், நாள்தோறும் கைதானார்கள், மாதக்கணக்கில் நடந்தது. கடைசியில் எழுத்து போனது. 2012-ல் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஓட்டல் போர்டில் அதே எழுத்து திரும்ப முளைத்தது, மறுபடியும் போராட வேண்டிவந்தது.

அந்தப் போராட்டங்களை நான் குறைத்துப் பேச வரவில்லை. அவை இல்லாவிட்டால் இன்று வாசல்படியே கிடையாது. ஆனால் எழுத்தை அழித்தவர்கள், எழுத்து அழிந்த ஓட்டலுக்குள் யார் போய் உட்கார்ந்தார்கள் என்று திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். 'பிராமணாள்' என்பது போய், இன்று நெடுஞ்சாலை முழுக்க ஐயர் மெஸ், செட்டியார் மெஸ், ரெட்டியார் மெஸ், கவுண்டர் மெஸ். பிராமணர் மட்டும் வைத்திருந்த போர்டை எல்லாச் சாதியும் பங்கு போட்டுக்கொண்டது. சாதிப்பெயர் மசாலாப் பெயராகிவிட்டது. போர்டைப் பார்த்ததும் ஒருத்தருக்கும் கூச்சம் வருவதில்லை, எச்சில்தான் ஊறுகிறது. நம்ம பேரை எழுதி 'மெஸ்' என்று ஒரு போர்டு வைத்துப் பார்ப்போமா? எத்தனை பேருக்கு எச்சில் ஊறுகிறது என்று தெரிந்துவிடும்.

வைத்துப் பார்த்த ஒருத்தர் கதை எனக்குத் தெரியும். பேர்கூட வைக்கவில்லை பாவம். எங்க காலனிக்காரர், இருபது வருஷம் ஓட்டல்களில் மாஸ்டராக இருந்தவர். மார்க்கெட் பக்கம் ஒரு டிபன் கடை போட்டார். அம்மன் பேரில் போர்டு. எட்டு மாசம் நல்ல கூட்டம். அவர் வைக்கிற தக்காளி சட்னிக்காக ஊர்த் தெருவிலிருந்து தூக்குவாளியோடு வந்து நின்றார்கள். ஏப்ரல் 14 வந்தது. கல்லாவுக்குமேல் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் அம்பேத்கர் படம் மாட்டி மாலை போட்டார். அவ்வளவுதான் செய்தார். ஒருத்தரும் வந்து சண்டை போடவில்லை. ஒரு வார்த்தை சாதி பேசவில்லை. "முன்னமாதிரி ருசி இல்லப்பா" என்றார்கள். "எண்ணெய் சரியில்ல" என்றார்கள். "என்னமோ கடை சுத்தமா இல்ல" என்றார்கள். ஆடி மாசம் கடையை மூடிவிட்டார். இப்போது சென்னையில் ஒரு மெஸ்ஸில் மாஸ்டர். அதே தக்காளி சட்னிதான். அங்கே சாப்பிடுகிறவர்கள் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்களாம்.

ஆகவே யாராவது ஒரு ஓட்டலைப் பற்றி 'ருசி குறைஞ்சிடுச்சு', 'சுத்தம் போதாது' என்று அபிப்பிராயம் சொன்னால் நான் ஒரு நிமிஷம் நிதானிக்கிறேன். நாக்கு சொல்கிறதா, நாக்குக்குப் பின்னால் இருக்கிற வேறெதுவோ சொல்கிறதா? 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவுச் சமையலுக்கு வந்த அருந்ததியப் பெண்ணைச் சமைக்கவிடாமல் தடுத்தார்கள். அவர் சாம்பாரில் உப்பு கூடவா குறைவா என்று தடுத்தவர்கள் நாக்கில் வைத்துப் பார்க்கவே இல்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் அரசாங்கமே பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப் தொழிலாளிகள் காலங்காலமாகத் தின்கிற மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் அதில் இடமில்லை. ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் கலெக்டரிடம் விளக்கம் கேட்டது. மழை வருகிறது என்று திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். மாட்டுக்கறிக்கு ஒரு ஸ்டால் போடுவதைவிட மழை அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதை நம்ம ஆட்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டலுக்குள் போவதற்குச் சாதியால் தடை கூடாது என்று அரசியல் சட்டம் 15-வது பிரிவில் இருக்கிறது. 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976-லிருந்து குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர். அதன் 4-வது பிரிவு ஓட்டலுக்குள் நுழைவதையும், அங்கே பொதுவாக வைத்திருக்கிற பாத்திரங்களைப் புழங்குவதையும் தடுத்தால் குற்றம் என்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது 6-வது பிரிவு. மற்றவர்களுக்கு எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த நிபந்தனையில் பண்டத்தை விற்கிறானோ, சேவை செய்கிறானோ, அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் செய்ய மறுப்பது குற்றம். மாமாவுக்கு ஃபேனுக்குக் கீழே, அத்தைக்குக் கைகழுவுற இடத்துக்குப் பக்கத்தில் என்றால் அந்த 'அதே இடம்' எங்கே போயிற்று? 6-வது பிரிவில் தண்டனை பெற்றவன் லைசென்சைக் கோர்ட் ரத்து செய்யலாம் என்று 8-வது பிரிவு சொல்கிறது. தண்டனை ஒரு மாசத்திலிருந்து ஆறு மாசம் ஜெயில், அதோடு 100-லிருந்து 500 ரூபாய் அபராதம். இன்றைக்கு 500 ரூபாய்க்கு அந்த ஓட்டலில் ஒரு குடும்பம் டிபன் சாப்பிட முடியாது என்பது வேறு விஷயம். சட்டத்தில் ஓட்டை இருக்கிறது, போலீஸ் ஸ்டேஷனில் அதைவிடப் பெரிய ஓட்டை இருக்கிறது. 'பார்சலா என்று கேட்டான்' என்று புகார் கொடுத்தால் எழுத்தர் சிரிப்பார். நம்ம ஆள் வேண்டாம் என்று சொல்லாமல் தானே பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டால், மறுத்தான் என்று சட்டத்துக்குக் காட்ட ஒன்றும் இல்லை. 'பார்சலா' என்ற சொல்லின் கெட்டிக்காரத்தனமே அங்கேதான் இருக்கிறது.

பஞ்சமி நிலம் கேட்கிற இயக்கம் ஓட்டல் நாற்காலி கேட்கலாமா என்று நம்ம தோழர்களே கேட்கிறார்கள். கொலை நடக்கிறது, கூலி இல்லை, நீ காபி சூட்டைப் பற்றி எழுதுகிறாயே என்கிறார்கள். 1927 மார்ச் 20-ம் தேதி அண்ணல் அம்பேத்கர் மகாட் ஊர்ச் சவுதார் குளத்துக்கு ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தத் தண்ணீர் ருசி என்று யாரும் போகவில்லை. அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் 1960 பிப்ரவரி 1 அன்று நாலு கருப்பின மாணவர்கள் உல்வொர்த் கடைக்குப் போனார்கள். பற்பசை மாதிரிச் சில்லறைச் சாமான் வாங்கினார்கள். கடை காசை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தது. அதே கடைக்குள் இருந்த சாப்பாட்டு கவுண்டரில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். இல்லை என்றார்கள். சாமான் கொடுக்கலாம், உட்கார இடம் கொடுக்கக் கூடாது. ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கிற எங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாலு பேரும் கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் சிலர் வந்தார்கள், அந்த வாரத்திலேயே நூற்றுக்கணக்கில் வந்தார்கள். பக்கத்து ஊர்களில் உட்கார்ந்தார்கள். ஜூலை 25-ம் தேதி அந்தக் கவுண்டரில் கருப்பருக்குப் பரிமாறினார்கள். ஆறு மாசம் ஆகியிருக்கிறது ஒரு காபிக்கு.

எங்க தெருப் பையன்களோடு இதைப் பேசினேன். மறியல், கோஷம் என்று எதுவும் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு. பார்சல் வாங்கறதில்லை. அதுதான் முதல் காரியம். அந்த ஓட்டலில் எங்க காலனியிலிருந்து இனி ஒரு பொட்டலமும் வாங்குவதில்லை, சாப்பிடணும்னா உட்கார்ந்து சாப்பிடறது. கூலி கைக்கு வருகிற மாசத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி, அதாவது ஓட்டலில் ரொம்பக் கூட்டமாக இருக்கிற நேரம், ஐந்து குடும்பம் போகிறோம். நாலு நாலு பேராகத் தனித்தனி மேசையில். ஃபேனுக்குக் கீழே. பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற இரண்டு பேரில் ஒருத்தர் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார், முன்வாசல் வழியாக. இன்னொருத்தர் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார். அந்தப் பயம் நியாயமானது, அவரை யாரும் வற்புறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டோம். பில்லில் மேசை நம்பரும் நேரமும் அச்சாகி வரும். அதை யாரும் கசக்கிப் போட வேண்டாம், என்னிடம் கொடுங்கள், நான் பத்திரப்படுத்துகிறேன். எத்தனை மணிக்கு உட்கார்ந்தோம், எத்தனை மணிக்கு இலை வந்தது, எந்த மேசையைக் காட்டினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுவோம். ஆறு மாசத்துக்கு எழுதுவோம். வேறு ஊர்களில் இருக்கிற தோழர்களும் அவரவர் பஸ் ஸ்டாண்டு ஓட்டலுக்கு இப்படி ஒரு நோட்டு போட்டால் இந்தப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புங்கள்.

முதல் ஞாயிறுக்கு அத்தை இப்போதே தயார். பூரி கேட்கப் போகிறதாம். எண்ணெய் குடித்திருந்தால் திருப்பி அனுப்புமாம்.